மூன்று பேருக்குத் தெரிந்த நேரம்

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் உங்களுக்கு நினைவு வராது. பூந்தமல்லிப் பக்கத்து ரவுடிகளைப் பற்றிய படம். டீசர் வந்தபோது இதுவரை யாரும் காட்டாத மெட்ராஸ் என்று ஆளாளுக்குக் கொண்டாடினார்கள். நானும் கொண்டாடினேன். வெளியான வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கதை முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அந்தத் திரையில் ஏதோ கார்ட்டூன் படம் ஓடிக்கொண்டிருந்தது.

விழுந்த படத்தை நானும் என் பங்குக்கு ஏறி மிதித்தேன். எனக்கு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை. அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் அடங்காமல் ஃபேஸ்புக்கில் சினிமா விமர்சனம் எழுதுகிறேன். அந்தப் படத்துக்கு எழுதியதன் கடைசிப் பத்தி இது:

"காட்டிக்கொடுப்பவன் தங்கையின் கணவன் என்பதுதான் படத்தின் ஆகப் பெரிய ஓட்டை. கூடவே சாப்பிட்டு, கூடவே திரிந்தவன், எந்தக் காரணமும் இல்லாமல் சொந்த மகளின் காதுகுத்தில் மச்சானை வெட்டக் கொடுப்பானாம். இயக்குநர் சினிமா நிறையப் பார்த்திருக்கிறார். மனிதர்களைப் பார்த்ததில்லை."

எழுதிய அன்று இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை நாலு தரம் படித்து நானே ரசித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் வரலட்சுமி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குமணன்சாவடியில் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, மருந்துக் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவே ஒரு தள்ளுவண்டி நிற்கும். காலை ஆறரையிலிருந்து பத்து வரை இட்லி, பொங்கல், வடகறி. வண்டியில் இரண்டு பெண்கள். இட்லி ஊற்றுவது சரசா அக்கா. வடகறி வைப்பதும் பரிமாறுவதும் வரலட்சுமி அக்கா. சரசா, வரலட்சுமியின் அண்ணன் தினகரனுடைய மனைவி. நான் கோவில்பட்டியிலிருந்து இங்கே வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதில் பதினோரு வருடம் என் காலைச் சாப்பாடு இவர்கள் கையில்தான்.

சரசா அக்கா ஓயாமல் பேசுவார். ஆட்டோக்காரர்களோடு, டிராஃபிக் போலீசோடு, மீதி இட்லிக்கு வந்து நிற்கும் நாயோடு கூடப் பேச்சுத்தான். வரலட்சுமி அக்கா பேச மாட்டார். கரண்டியைப் பிடித்தபடி நம் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்பதற்குள் வடகறி விழுந்துவிடும்.

வரலட்சுமி பிறந்தது நசரத்பேட்டையில். ஏரித் தண்ணீரில் ஒன்றரை ஏக்கர் நெல், வரப்போரம் கீரை என்று பிழைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையானபோது அண்ணன் தினகரன் மனைகளுக்குக் காவல் இருக்கப் போனார். பிறகு வேலி போடப் போனார். பிறகு அடுத்தவன் போட்ட வேலியைப் பிடுங்கப் போனார். முப்பது வயதில் அவர் பெயர் போலீஸ் பட்டியலில் இருந்தது; ஊரில் அவரைப் பார்த்தால் எழுந்து நின்றார்கள். தங்கை ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வேப்பம்பட்டைச் சேர்ந்த ஏகாம்பரம் என்ற லோடு வேன் டிரைவரைப் பார்த்துக் கல்யாணத்தை முடித்துவைத்ததும் தினகரன்தான். ஏகாம்பரம் சாது. குடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கென்று ஊரில் ஒரு பெயர் இல்லாமல் போயிற்று. டீக்கடையிலிருந்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரைக்கும் அவர் 'தினா மச்சான்'.

இருபது வருடத்துக்கு முன், எதிர்க் கோஷ்டி ஆள் ஒருவன் செத்த விவகாரத்தில் தினகரன் தலைமறைவானார். ஒளித்துவைத்தது ஏகாம்பரம்தான், வேப்பம்பட்டில் தன் அத்தை வீட்டில். நாலு மாதம் ஆயிற்று. அந்தச் சமயம் பார்த்து வரலட்சுமியின் மகள் திவ்யாவுக்கு மூன்று வயது முடிய இருந்தது. காது குத்தியாக வேண்டும். குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். ஐந்து வயதுக்குத் தள்ளிப்போடலாம் என்று வரலட்சுமி சொல்லி அனுப்பினார். "எம்மடில ஒக்காராம எம்மருமவளுக்குக் காது குத்திடுவீங்களா" என்று பதில் வந்தது.

பத்திரிகையில் காலை பத்தரை மணி என்று அச்சடித்தார்கள். அது ஊருக்கு. உண்மையில் ஏரிக்கரை அம்மன் கோயிலில் ஐந்தே முக்காலுக்கு, ஆள் நடமாட்டம் வருவதற்குள், குழந்தையை மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டு அவரை அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. காது குத்தும் ஆசாரிக்கு நேரம் தெரியும்; யார் மடி என்று தெரியாது. 

ஒரு காது குத்தி முடித்ததும் எதிர்க் கோஷ்டி ஆட்கள் நாலு பேர் அரிவாளோடு வந்தார்கள். ஏகாம்பரம் ஓடிவந்து மச்சான் மேல் கவிழ்ந்து விழுந்தார். தினகரனின் உயிர் அங்கேயே போய்விட்டது. ஏகாம்பரம் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்.

மச்சானைக் காக்கப் போய் ஏகாம்பரமும் செத்தார் என்றுதான் ஊருக்குத் தெரியும். அடுத்த வருடம் திவ்யாவின் மறு காதைக் குத்தியபோது, தாய்மாமன் இல்லாத இடத்தில் சரசாதான் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். "எம்புருசன் எடம். நான் ஒக்காராம யாரு ஒக்காருவா" என்று கேட்டாராம். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு. சரசாவுக்குப் பிள்ளை இல்லை. திவ்யாவை இருவரும் சேர்ந்து வளர்த்தார்கள். ஒவ்வொரு ஆவணியிலும் நினைவு நாளுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். மாமன், மச்சான் இருவர் படமும் பக்கத்தில் பக்கத்தில்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் வெற்றிச்செல்வன் வந்தார். முதல் படம் எடுக்கப்போகும் இயக்குநர். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, மூன்று வாரம் தினமும் வண்டிக்கு வந்து இட்லி சாப்பிட்டுக் கதை கேட்டார். சரசாவுக்குத் தலைகால் புரியவில்லை. வரலட்சுமிக்கு இஷ்டமே இல்லை. ஆனால் கோயிலில் இருந்தது அவர்தானே. அவர்தான் சொல்லியாக வேண்டும். ஊருக்குத் தெரிந்த கதையையே சொன்னார். அந்தக் காலையில் நானும் பெஞ்சில் இருந்தேன்.

"அவ்ளோ ஜாக்கிரதையா செஞ்சோம் சார். அண்ணன் வர்ற நேரம் மூணே பேருக்குத்தான் தெரியும். எங்கண்ணன், எங்கூட்டுக்காரரு, நானு. ஊட்ல வேற ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது" என்றார். கணவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்று காட்டுவதற்காகச் சொன்னது.

வெற்றிச்செல்வன் எழுதுவதை நிறுத்தினார். "அப்ப அவனுங்களுக்கு யாருக்கா சொல்லியிருப்பாங்க?"

"அவனுங்கோ ஊர் பூரா ஆள் வெச்சிருந்தானுங்கோ" என்று சொல்லிவிட்டு வரலட்சுமி கரண்டியைக் கழுவப் போனார். இட்லித் துணி பிழிந்துகொண்டிருந்த சரசா, துணியைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார். அன்றைக்கு அதை நான் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

முதல் நாள் முதல் காட்சிக்கு இரண்டு அக்காக்களையும் திவ்யாவையும் நான்தான் அழைத்துப்போனேன். சரசா பட்டுப் புடவை கட்டியிருந்தார். படம் எப்படியென்றால், ஹீரோ சோற்றைப் பிசைவதைக்கூட ஸ்லோமோஷனில் காட்டினார்கள். நிமிடத்துக்கு மூன்று 'இன்னா' போட்டால் மெட்ராஸ் பாஷை வந்துவிடும் என்று யாரோ இயக்குநருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இடைவேளை வரை பொறுத்தோம். இடைவேளைக்குப் பிறகு காதுகுத்து வந்தது. திரையில் மச்சான்காரன் குழந்தையின் காலில் கொலுசு மாட்டுவது போல் குனிந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குச் சைகை காட்டினான். ஏன் காட்டினான் என்று படத்தில் கடைசிவரை சொல்லவில்லை. அரங்கத்தில் பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள்.

சரசா எழுந்துவிட்டார். "ஏகாம்பரம் அண்ணனப் போயி இப்டி காட்டிட்டானே. கை வெளங்குமா அவனுக்கு" என்று சொல்லிக்கொண்டே திவ்யாவை இழுத்துக்கொண்டு வெளியே போனார். வரலட்சுமி எழவில்லை. விளக்கு போட்ட பிறகும் நாற்காலிக் கையைப் பிடித்தபடி வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புருஷனைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்ற வேதனை என்று நினைத்தேன். அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் அன்று மாலை விமர்சனம் எழுதினேன்.

திவ்யா அதைச் சரசாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். சரசா விடவில்லை. ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, வண்டியில் வடகறிப் பாத்திரத்துக்கு நேர் மேலே ஒட்டிவிட்டார். சாப்பிட வருகிறவர்களிடம், "படிச்சுப் பாரு நைனா. நம்ம தம்பி எழுதுனது. அந்தப் படம் சுத்தப் பொய்யின்னு கிழிச்சு வெச்சிருக்குது" என்பார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மாதம், தினமும் காலையில் வரலட்சுமி அந்தத் தாளுக்கு எதிரே நின்று வடகறி ஊற்றினார். அவர் மெலிந்துகொண்டே வந்ததை நாங்கள் எல்லோரும் சர்க்கரை என்று நினைத்தோம்.

ஆவணி நெருங்கியது. இந்த வருடம் ஃப்ளெக்ஸ் இரண்டு மடங்கு பெரிதாக வைக்க வேண்டும் என்றார் சரசா. ஏகாம்பரத்தின் படத்துக்குக் கீழே நல்ல தமிழில் நாலு வரி வேண்டும். மச்சானுக்காக உயிரைக் கொடுத்தவர் என்று வர வேண்டும். அதை நான் எழுத வேண்டும். சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரலட்சுமி எங்கள் அடுக்குமாடி வாசலுக்கு வந்து, செக்யூரிட்டி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேலே வாங்க என்றேன். வரவில்லை.

"அந்த வரிய எழுதாத தம்பி."

"ஏன்க்கா?"

"அத்து பொய்யி."

பிறகு சொன்னார். பதினோரு வருடத்தில் என்னிடம் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் ஏகாம்பரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நேரத்தைச் சொன்னது தான்தான் என்றாராம். காலில் ஒரு வெட்டு, அதோடு விட்டுவிடுகிறோம், அப்புறம் அவன் ஒழுங்காக வீட்டில் இருப்பான் என்று சத்தியம் செய்தார்களாம். நம்பிவிட்டாராம்.

"ஏன்யா சொன்னேன்னு கேட்டேன். 'காதுகுத்துப் பத்திரிகைல எம்பொண்ணு பேருக்கு மேல உங்கண்ணன் பேரு பெருசா இருந்துச்சு வரா, எம்பேரு அடில இருந்துச்சு'ன்னு சொன்னாரு. அவ்ளோதான் தம்பி. வேற ஒண்ணும் இல்ல. மேல வுயுந்தது மெய்தான். கால்ல வெட்ட வேண்டியவங்க கயுத்துல வெட்டுனதும் தாங்காம போயி வுயுந்துட்டாரு."

காரணமே இல்லாமல் என்று எழுதியவன் நான். ஒரு மனிதனுக்கு இந்தக் காரணம் போதும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. வெற்றிச்செல்வனுக்கும் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் மூன்று பேரில் ஒருவர்தான் என்ற கணக்கு அவருக்குப் புரிந்திருக்கிறது. கதைக்குத் துரோகி தேவைப்பட்டதும் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"படம் பாத்தப்போ, சரி, அண்ணிக்குத் தெரிஞ்சுபோச்சு, இன்னியோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பயந்துகினுதான் இருந்தேன். ஆனா ஒரு நிம்மதியும் வந்துச்சு. அப்பால பாத்தா படத்தையே பொய்யின்னு சொல்லிட்டீங்கோ." அவர் அழவில்லை. "நான் நாளைக்கு அண்ணியாண்ட சொல்லப்போறேன். நீ கூட இரு. தனியா சொல்ல வாய் வராது."

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டேன். பத்து மணிக்கு மேல் கூட்டம் ஓய்ந்து, சரசா இட்லிக் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது வரலட்சுமி பக்கத்தில் போய் நின்று சொன்னார். நீட்டவில்லை. "அண்ணி, நேரத்த சொன்னது அவருதான். ஆஸ்பத்திரில எங்கிட்ட ஒத்துகினாரு. இருவது வருசமா உன்னாண்ட மறச்சிட்டேன்."

சரசா நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வரலட்சுமியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. அவர் முகத்தில் இரக்கம்தான் இருந்தது.

"பாத்தியா தம்பி. அந்தப் பாவி படம் எடுத்து இவளுக்குப் புத்தி பெசகிப்போச்சு. சினிமால பாத்தத்த நெசம்னு நெனச்சிகினு கீறா." வரலட்சுமியைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "உம்புருசன் அப்டிப்பட்ட ஆளா? பேயி மாரி உளறாத. சோறு துன்னியா நேத்து?"

"சினிமா இல்ல அண்ணி. மெய்யாலுமே."

"அட, நீ சொல்லு தம்பி" என்று என் பக்கம் திரும்பினார் சரசா. லேமினேட் தாளைக் காட்டினார். "நீதான எழுதுன. தங்கச்சி புருசன் அந்த மாரி செய்வானா? இவளுக்குப் புரியிற மாரி சொல்லு."

வரலட்சுமி என்னைப் பார்த்தார். என் தட்டைப் பார்க்கும் அதே பார்வை. ஓடிப்போய்விடலாம் என்றுகூட இருந்தது. இருபது வருடம் ஒருத்தி சுமந்ததை இறக்கிவைக்கப் பார்க்கிறாள். விமர்சனத்தில் நான் எழுதிய நாலு வரி குறுக்கே நிற்கிறது.

"செய்வாங்கக்கா" என்றேன். "நான் எழுதினது தப்பு. எனக்குத் தெரியாம எழுதிட்டேன். அக்கா சொல்றது உண்மை."

சரசாவின் கை வரலட்சுமியின் தோளிலிருந்து இறங்கியது. வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். பெங்களூர் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போயிற்று. ஒருவர் வந்து இட்லி இருக்கா என்று கேட்டுவிட்டு, கவிழ்த்த குண்டானைப் பார்த்துப் போய்விட்டார். ஏகாம்பரத்தைத் திட்டுவார், வரலட்சுமியை அடிப்பார் என்றுதான் நான் நினைத்தேன்.

"மூணு பேருக்குத் தெரியும்னு அந்த டைரக்டராண்ட சொன்னியே" என்றார், வெகு மெதுவாக. "அன்னிக்குதான் நேரம் வெச்சதே எனக்குத் தெரியும். பத்தரைக்குத்தான் வருவாருன்னு நான் இருவது வருசமா நெனச்சிகினு கீறேன். சீக்கிரம் வந்துட்டாரு போல, அதான் அவசரமா குத்துனீங்கோன்னு. நாலாவதா எனக்கு ஏன் சொல்லல?"

வரலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தார். "அண்ணன்தான்... போலீசு உன் பின்னாடியே சுத்திகினு கீது, உன்னாண்ட சொன்னா வெளிய போயிடும்னு..."

"நாலு மாசம் மூஞ்சியே பாக்கல. அஞ்சே முக்காலுக்கு நான் ஊட்ல நூறு பேருக்கு எலுமிச்ச சோறு கிளறிக்கினு இருந்தேன். கோயிலு எட்டு நிமிசம். ஓடியாந்து ஒரு தபா பாத்திருப்பேனே." அவர் குரல் உயரவே இல்லை. "என்ன நம்பல. அந்த ஆள நம்புனீங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். குண்டானைத் திருப்பி வைத்து, இட்லித் துணியை உதறிக் காயப்போட்டார். போகும்போது லேமினேட் தாளைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

இந்த ஆவணியில் ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை. வண்டி நிற்கிறது. மறுநாளும் ஆறரைக்கு இருவரும் வந்தார்கள், அதற்கடுத்த நாளும் வந்தார்கள். சரசா இட்லி ஊற்றுகிறார், வரலட்சுமி வடகறி ஊற்றுகிறார். ஆட்டோக்காரர்களிடம் சரசா முன்போலப் பேசத்தான் செய்கிறார். போன வாரம் திவ்யாவைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சரசா வரலட்சுமியைத் திரும்பிப் பார்த்து, "கேளு, இவளாண்ட கேளு. நேரமெல்லாம் இவளுக்குத்தான் தெரியும்" என்றார். வரலட்சுமி தலை நிமிராமல் என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.